எரிந்துபோன 858 டெராபைட்: அலுவலக ஃபைல்கள் யார் பொறுப்பில்?

2025 செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை இரவு. தென்கொரியாவின் தேஜான் நகரில், அந்நாட்டு அரசின் தேசியத் தகவல் வள மையத்தில் ஐந்தாவது மாடியில் வேலை நடந்துகொண்டிருந்தது. சர்வர்கள் இருக்கும் அறையிலேயே வைக்கப்பட்டிருந்த யுபிஎஸ் பேட்டரிகளைக் கழற்றி, தரைக்குக் கீழுள்ள தளத்துக்குக் கொண்டுபோகும் வேலை. பேட்டரி தீப்பிடித்தால் சர்வரும் சேர்ந்து எரிந்துவிடும் என்ற பயத்தில்தான் அந்த இடமாற்றமே தொடங்கியிருந்தது. எட்டே கால் மணி வாக்கில், பயந்தபடியே ஒரு பேட்டரி வெடித்துப் பற்றிக்கொண்டது.

லித்தியம் அயான் பேட்டரியில் பிடிக்கும் தீ சட்டென்று அடங்காது. ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைப் பற்றவைக்கும். அணைந்தது போலத் தோன்றி மறுபடி எரியும். சுற்றிலும் சர்வர்கள் நின்றதால் தீயணைப்பு வீரர்களால் தண்ணீரைத் தாராளமாகப் பீய்ச்சவும் முடியவில்லை. தீயை முழுதாக அணைக்க ஏறக்குறைய 22 மணி நேரம் பிடித்தது. எரிந்த பேட்டரிகள் 384. தயாரித்துப் பத்தாண்டுக்கு மேலாகி, உத்தரவாதக் காலமும் முடிந்துபோனவை அவை.

அரசின் 709 கணினிச் சேவைகள் நின்றன. அஞ்சலக வங்கி, மொபைல் அடையாள அட்டை, சான்றிதழ் வழங்கும் இணையதளம் என்று மக்கள் அன்றாடம் தொடுகிற எல்லாம் முடங்கின. சூசோக் என்ற அறுவடைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஊருக்குப் பார்சல் அனுப்பக் காத்திருந்தவர்கள் தவித்தார்கள். நிறுத்தப்பட்ட சேவைகள் வாரக்கணக்கில் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆனால் தீயில் நேரடியாகச் சிக்கிய 96 அமைப்புகளில் ஒன்றின் உள்ளடக்கம் மட்டும் திரும்பவே இல்லை. அதன் பெயர் ஜி-டிரைவ்.

கூகுளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கொரிய அரசு தன் ஊழியர்களுக்காகவே நடத்திய கிளவுட் கோப்புக் கிடங்கு இது. ஊழியருக்கு 30 ஜிபி வீதம் இடம். அலுவலக வேலையில் உருவாகும் எந்த ஃபைலையும் சொந்தக் கணினியில் வைக்க வேண்டாம், ஜி-டிரைவில் வையுங்கள் என்று 2018-ல் வழிகாட்டுதலே வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆள் மாறினாலும் ஃபைல் இருக்கும், கணினி கெட்டாலும் ஃபைல் பிழைக்கும், பென் டிரைவில் ரகசியம் வெளியே போகாது.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். எரிந்தபோது அதில் இருந்தது 858 டெராபைட். மையத்தின் பெரும்பாலான அமைப்புகளுக்கு வேறிடத்தில் நகல் இருந்தது. ஜி-டிரைவுக்கு இல்லை. அளவு மிகப் பெரியது, சேமிப்பு வகை வேகம் குறைந்தது, ஆகவே வெளி நகல் எடுக்க முடியாத அமைப்பாக அது இருந்தது என்று அதிகாரிகள் விளக்கினார்கள்.

அடி எல்லோருக்கும் ஒரே அளவில் விழவில்லை என்பதுதான் இந்தக் கதையில் மனதை உறுத்தும் இடம். அரசின் பணியாளர் மேலாண்மை அமைச்சகம் வழிகாட்டுதலை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தது. எல்லா வேலை ஃபைல்களும் ஜி-டிரைவில் மட்டுமே. அதனால் அவர்களுக்குத்தான் பெருநஷ்டம். ஜி-டிரைவை அரைகுறையாகப் பயன்படுத்தி, கணினியிலும் ஒரு பிரதி வைத்திருந்த துறைகள் ஓரளவு தப்பின. விதிப்படி நடந்தவர்கள், கணினியில் கடைசி ஒரு மாதத்தில் தங்கிப்போன ஃபைல்கள், மின்னஞ்சல் இணைப்புகள், அச்செடுத்த தாள்கள், மேலிட ஒப்புதலுக்குப் போன ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்து பொறுக்கியெடுத்துப் பழைய வேலையைக் கட்டியெழுப்ப வேண்டியதாயிற்று.

இதே நாட்டில் இந்தத் தீக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2022 அக்டோபர் 15 அன்று, பாங்யோ என்ற இடத்தில் ஒரு தனியார் தரவு மையம் தீப்பிடித்தது. அதுவும் பேட்டரித் தீ. நாடே பயன்படுத்தும் காக்காவ்டாக் உரையாடல் செயலி நின்றுபோய், முழுதாகச் சீராக ஐந்து நாளுக்கு மேல் ஆனது. இரண்டாவது நகல் எங்கே என்று அரசு அந்தச் செயலியை நடத்தும் நிறுவனத்தைக் கடுமையாகக் கேட்டது, சட்டத்தையும் இறுக்கியது. தன் ஊழியர்களின் ஃபைல்களுக்கு அதே கேள்வியைக் கேட்காமல் விட்டது.

பேருந்தில் மறந்த பென் டிரைவ்

கிளவுட்டில் ஃபைல் வைக்கும் பழக்கம் வந்து இருபது ஆண்டுதான் ஆகிறது. அமேசான் நிறுவனம் 2006 மார்ச்சில் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையைத் திறந்தது. அது நிறுவனங்களுக்கும் மென்பொருள் எழுதுபவர்களுக்குமானது. சாதாரண அலுவலக ஊழியரின் கைக்கு இதைக் கொண்டுவந்தது டிராப்பாக்ஸ். பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்குப் பேருந்தில் போன ட்ரூ ஹூஸ்டன் என்ற இளைஞர் பென் டிரைவை மறந்துவிட்டு ஏறிவிட்டார். அந்த எரிச்சலில் பயணத்திலேயே நிரல் எழுதத் தொடங்கினார் என்பது அவரே சொன்ன பிறப்புக் கதை. 2007-ல் அரஷ் ஃபெர்தோசியுடன் சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் தொடங்கிய சேவை ஸ்கைடிரைவ் என்று பெயர் பெற்று, 2014-ல் ஒன்டிரைவ் ஆனது. கூகுள் டிரைவ் 2012 ஏப்ரலில் வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ஒர்க்டிரைவும் இன்று இதே களத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டு அலுவலகங்கள் கிளவுட்டின் அருமையை இருமுறை பட்டுத் தெரிந்துகொண்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள அலுவலகங்களில் கணினியும் காகிதக் கோப்பும் ஒன்றாகச் சேற்றில் ஊறின. பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கும் அதே மேசை இழுப்பறையில்தான் இருந்தது என்பதைப் பலர் வெள்ளம் வடிந்த பிறகே உணர்ந்தார்கள். அடுத்தது 2020 மார்ச் ஊரடங்கு. அலுவலகச் சாவி கையில் இருந்தும் போய்த் திறக்க முடியாத அந்த வாரங்களில், ஃபைல்கள் கிளவுட்டில் இருந்த ஆடிட்டர் அலுவலகங்கள் வீட்டிலிருந்து கணக்கை முடித்தன. மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

ஆகவே கிளவுட் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் முடிந்த விவாதம். சிவகாசி அச்சகத்துக்கு வரும் காலண்டர் டிசைன் லிங்க்காகத்தான் வருகிறது. திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்துக்கு வெளிநாட்டு பையர் அனுப்பும் டெக் பேக்கும் அப்படித்தான். கோவையில் வார்ப்படத் தொழிற்சாலைக்கு வரும் டிராயிங்கும் அப்படியே. இனி கேட்க வேண்டியது, அந்த ஃபைல்கள் யாருடைய கணக்கில் கிடக்கின்றன, இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது, யாரெல்லாம் திறக்க முடியும் என்பதுதான். பெரும்பாலான சிறு அலுவலகங்களில் இவற்றுக்குச் சட்டென்று பதில் சொல்ல ஆள் இல்லை.

'டிரைவ்லதான் இருக்கு சார்'

இந்த வாக்கியம் தமிழ்நாட்டு அலுவலகங்களில் தினமும் ஒலிக்கிறது. சொல்பவரும் கேட்பவரும் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதிக்குப் பின்னால் ஒரு குழப்பம் இருக்கிறது.

கணினியில் கூகுள் டிரைவையோ ஒன்டிரைவையோ நிறுவினால், ஒரு ஃபோல்டர் உருவாகிறது. அதில் போடும் ஃபைல் தானாக மேலே ஏறுகிறது. அதில் செய்யும் மாற்றமும் ஏறுகிறது. அதிலிருந்து ஒரு ஃபைலை அழித்தால், அழிப்பும் ஏறுகிறது. இதற்குப் பெயர் சிங்க். இருபுறமும் ஒரே நிலையில் வைத்திருப்பது மட்டுமே அதன் வேலை. பேக்கப்பின் வேலை வேறு. நேற்று இருந்த நிலையை, இன்று என்ன தவறு நடந்தாலும் மாறாமல் வைத்திருக்க வேண்டும். கணினியில் ரான்சம்வேர் புகுந்து ஃபைல்களைப் பூட்டினால், பூட்டப்பட்ட ஃபைல்களையும் சிங்க் கடமை தவறாமல் மேலே ஏற்றும்.

தவறி அழித்ததை மீட்க வழி உண்டு, கெடுவும் உண்டு. கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டி 30 நாளில் தானாகக் காலியாகிவிடும். 2020 அக்டோபருக்கு முன் நாமே காலி செய்யும்வரை கிடந்தது. அந்தப் பழைய நினைப்பிலேயே இருப்பவர்கள் இன்றும் உண்டு. டிராப்பாக்ஸின் தனிநபர் அடிப்படைத் திட்டத்திலும் 30 நாள். அலுவலகத்துக்கான ஒன்டிரைவில் 93 நாள். ஏப்ரலில் ஆண்டுக்கணக்கு முடித்த கையோடு யாரோ ஒருவர் இடம் போதவில்லை என்று பழைய ஃபோல்டரை அழிக்கிறார். ஆகஸ்டில் ஆடிட்டர் அதே பில்லைக் கேட்கிறார். எந்தத் தொட்டியிலும் அது இருக்காது.

திருப்பூர் மெர்ச்சண்டைசர் ஒருவரின் திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். ஒரே டி-ஷர்ட் ஸ்டைலுக்கு ஐந்து காஸ்டிங் எக்செல் ஷீட்கள்: 'ரிவைஸ்டு', 'ரிவைஸ்டு நியூ', 'பையர் ஓகே', 'பையர் ஓகே 2', அப்புறம் இருவர் ஒரே சமயத்தில் திறந்து திருத்தியதால் டிராப்பாக்ஸே உருவாக்கிய 'கான்ஃப்ளிக்டட் காப்பி'. துணி விலை ஏறியது எந்த ஷீட்டில் சேர்ந்திருக்கிறது என்பது அதைத் தட்டியவருக்கு மட்டுமே தெரியும். பழைய பதிப்புகளை மென்பொருளே வரிசையாக வைத்திருக்கிறது. ஒரே ஃபைலைத் தொடர்ந்து திருத்தி, 'வெர்ஷன் ஹிஸ்டரி'யைத் திறந்து யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பார்க்கலாம். பணம் கட்டி வாங்கிய வசதியில் மிகக் குறைவாகத் தொடப்படுவது இதுதான் என்று தோன்றுகிறது.

டேலி என்ற கணக்கு மென்பொருளை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டேலியின் டேட்டா ஃபோல்டரை அப்படியே சிங்க் ஃபோல்டருக்குள் வைத்து வேலை செய்வது ஆபத்து. கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதி மாறிய ஃபைல் மேலே போய், கீழே வந்து, டேட்டா பழுதாகலாம். டேலியை மூடி, அதன் பேக்கப் வசதியில் எடுத்த பிரதியை மட்டும் கிளவுட்டில் ஏற்றுவதே முறை.

நகல் இருந்தாலே போதும் என்றும் இல்லை. இலங்கை அரசின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் 2023 ஆகஸ்டில் ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளானது. அரசு மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன; அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். சேவையை விரைவிலேயே மீண்டும் இயங்க வைத்துவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் போனது போனதுதான். ஆன்லைனில் இருந்த நகலையும் தாக்கியவர்கள் பூட்டிவிட்டார்கள். அந்தக் காலத்துக் கடிதங்களுக்கு இணையத்தோடு இணைக்காமல் தனியே எடுத்து வைத்த நகல் இல்லை. மின்னஞ்சலுக்குப் பயன்படுத்திய மென்பொருளும் காலாவதியான பழைய பதிப்பு.

யார் பெயரில் இருக்கிறது?

சிறு நிறுவனங்களில் கிளவுட் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் பாதிச் சிக்கல் புரியும். முதலாளி திட்டமிட்டு வாங்குவதில்லை. கணினி தெரிந்த ஓர் ஊழியர், "என் ஜிமெயில்ல போட்டு வைக்கிறேன் சார்" என்கிறார். 15 ஜிபி இலவசம். வேலை ஓடுகிறது. நான்கு வருடத்தில் நிறுவனத்தின் கொட்டேஷன், வாடிக்கையாளர் பட்டியல், சம்பளக் கணக்கு எல்லாம் அந்தத் தனிப்பட்ட ஜிமெயிலுக்குள் குடியேறிவிடுகின்றன. பிறகு அவர் வேறு வேலைக்குப் போகிறார். கடைச் சாவியைக் கணக்குப்பிள்ளை தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஊருக்குப் போன நிலைமைதான்.

கூகுள் டிரைவில் 'மை டிரைவ்' பகுதியில் இருக்கும் ஃபைலுக்கு, அதை உருவாக்கியவரே உரிமையாளர். நிறுவனத்தோடு பகிர்ந்திருந்தாலும் அவர் அழித்தால் போய்விடும். தனிப்பட்ட ஜிமெயிலில் இருக்கும் ஃபைலின் உரிமையை நிறுவனக் கணக்குக்கு மாற்றித் தர நினைத்தாலும் கூகுள் நேரடியாக அனுமதிப்பதில்லை. நகலெடுத்துத்தான் கொண்டுவர வேண்டும். இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை, அதில் உள்ளவற்றோடு நீக்கும் விதியை 2023-ல் அந்நிறுவனம் அறிவித்து, அந்த டிசம்பரிலிருந்து செயல்படுத்துகிறது. ஊழியர் புதிய எண், புதிய மின்னஞ்சல் என்று மாறிப்போனால் பழைய கணக்கு அப்படிக் கிடந்து அழியக்கூடியதே.

நிறுவனக் கணக்கு வாங்கியவர்களும் இதில் வழுக்குகிறார்கள். ஊழியர் விலகியதும், மாதச் சந்தா மிச்சம் என்று அவர் கணக்கை அன்றைக்கே நீக்குகிறார்கள். கூகுள் ஒர்க்ஸ்பேஸில் நீக்கிய பயனாளரை மீட்க 20 நாள் அவகாசம் உண்டு. ஒன்டிரைவில் நிர்வாகி மாற்றி அமைக்காவிட்டால் 30 நாள். நீக்கும்போதே ஃபைல்களை யாருக்கு மாற்றுவது என்று ஒரு பெட்டி கேட்கிறது. அவசரத்தில் அதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. கூகுளில் 'ஷேர்டு டிரைவ்', மைக்ரோசாஃப்டில் 'ஷேர்பாயின்ட்', ஜோஹோவில் 'டீம் ஃபோல்டர்'. மூன்றிலும் ஃபைல் ஆளுக்குச் சொந்தமில்லை, குழுவுக்குச் சொந்தம். ஆள் போனாலும் ஃபைல் அங்கேயே இருக்கும். பணம் கட்டும் திட்டங்களில்தான் இவை கிடைக்கும். எல்லாத் திட்டத்திலும் கிடைக்காது என்பதால் வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகம் இந்தச் செலவைத் தவிர்ப்பது சிக்கனம் ஆகாது.

2051 வரை திறந்திருந்த கதவு

அடுத்தது லிங்க். பகிர்வுப் பெட்டியில் இரண்டே தேர்வுகள்தான் முக்கியம்: பெயர் குறித்த ஆட்களுக்கு மட்டும், அல்லது லிங்க் வைத்திருக்கும் எவருக்கும். முதலாவதில் "எனக்கு ஓப்பன் ஆகலை, ஆக்ஸஸ் குடுங்க" என்று போன் வரும். அந்தத் தொல்லைக்காகவே இரண்டாவதைத் தட்டி, வாட்ஸ்அப் குழுவில் ஒட்டிவிடுகிறார்கள். அந்த லிங்க் எங்கெல்லாம் ஃபார்வர்டு ஆகிறதோ, அங்கெல்லாம் ஃபைல் திறக்கும். பார்ப்பவர் என்பதற்குப் பதில் திருத்துபவர் என்று கொடுத்திருந்தால், முகம் தெரியாதவரும் எண்ணை மாற்றலாம்.

இதில் சிறு நிறுவனம், பெரு நிறுவனம் என்ற பேதம் கிடையாது. மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் 2020-ல் சில பயிற்சித் தரவுகளைப் பொதுவில் பகிர ஒரு லிங்க் கொடுத்தார்கள். குறிப்பிட்ட ஃபைல்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டியது, முழுச் சேமிப்புக் கணக்குக்கும் கொடுத்ததாக அமைந்துவிட்டது. பார்க்க மட்டுமல்ல, அழிக்கவும் மாற்றவும் முடிகிற அனுமதி. 38 டெராபைட் திறந்து கிடந்தது. அதில் இரண்டு ஊழியர்களின் கணினி பேக்கப், பாஸ்வேர்டுகள், 30,000-க்கும் மேற்பட்ட உள் உரையாடல்கள். விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023 ஜூனில் கண்டுபிடித்துச் சொன்னபோது, அந்த லிங்க்கின் காலாவதித் தேதி 2051 அக்டோபர் என்று இருந்தது.

டிராப்பாக்ஸும் தன் சொந்த அலுவலகப் பழக்கத்தால் அடிபட்டது. அங்கே ஓர் ஊழியர் வேறு தளத்தில் வைத்திருந்த அதே பாஸ்வேர்டை இங்கும் வைத்திருந்தார். 2012-ல் அது திருடர் கையில் சிக்கியது. அவருடைய டிராப்பாக்ஸ் கணக்கில் வேலைக்காக வைத்திருந்த ஓர் ஆவணத்தில் பயனாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன. அந்த ஆண்டு வெளியேறிய தரவு 6.8 கோடிக் கணக்குகளைத் தொட்டது என்பது 2016-ல்தான் தெரிய வந்தது. அலுவலகக் கணக்குக்குத் தனி பாஸ்வேர்டு, போனில் வரும் இரண்டாவது சரிபார்ப்பு என்று எல்லா நிறுவனங்களும் இன்று வற்புறுத்துவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்கள் இருக்கின்றன.

இந்திய அரசு தன் ஊழியர்களுக்கு இதில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. தேசியத் தகவலியல் மையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல், அரசின் உள் ஆவணங்களையும் ரகசிய ஆவணங்களையும் கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற அரசு சாராத கிளவுட்களில் ஏற்றக் கூடாது என்கிறது. தனியாருக்கு 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தக்க பாதுகாப்பு இல்லாமல் பிறர் தரவைக் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு அதில் இடமுண்டு. வேலைக்குச் சேர்ந்தவர்களின் ஆதார், பான், வங்கிப் புத்தக நகல்களை ஒரே ஃபோல்டரில் போட்டு லிங்க்கைத் திறந்துவிட்டிருக்கும் அலுவலகம் ஒவ்வொன்றும் இதைப் படிக்க வேண்டும்.

கதவு வெளியிலிருந்தும் பூட்டப்படும்

2025 ஜூலை 22 அன்று குஜராத்தின் வாடினாரில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் சேவைகள் நின்றன. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் அதில் பங்குதாரர் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் சில நாள் முன்பு அந்நிறுவனத்தின் மீது தடை விதித்திருந்தது. சந்தா கட்டியிருந்தும் தங்கள் மின்னஞ்சலையும் தரவையும் தாங்களே திறக்க முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மாத முடிவுக்குள் சேவை திரும்பியது. பிரஸ்ஸல்ஸில் எடுத்த ஒரு முடிவு ஓர் இந்திய நிறுவனத்தின் அலுவலக வேலையை ஒரே நாளில் நிறுத்த முடியும் என்பது அப்போது பலருக்குப் புதுச் செய்தி. அதே ஆண்டு மத்திய அரசு தன் ஊழியர்களின் மின்னஞ்சலையும் அலுவலக மென்பொருள்களையும் ஜோஹோ பக்கம் திருப்பியதற்கு, சுதேசி என்ற முழக்கத்தோடு இந்தக் கவலையும் வலுச் சேர்த்தது. ஆனால் உள்நாட்டு நிறுவனமானாலும் ஒரே இடத்தில் மட்டும் வைப்பது ஒரே இடத்தில் வைப்பதுதான். கொரியாவின் ஜி-டிரைவும் சொந்த நாட்டுச் சரக்கே.

இதற்கு நேர்மாறான ஒரு கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். நிர்வகிக்கும் தொகை சுமார் 12,500 கோடி ஆஸ்திரேலிய டாலர். கூகுள் கிளவுட்டில் அதன் தனிக் கணினிக் கட்டமைப்பை அமைத்தபோது, கூகுள் ஊழியர்கள் பயன்படுத்திய ஓர் உள் கருவியில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தார்கள். காலியாக விட்டால் ஓராண்டுக் கெடு என்று அந்தக் கருவி எடுத்துக்கொள்ளும். ஓராண்டு முடிந்த 2024 மே மாதத் தொடக்கத்தில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், அந்தக் கட்டமைப்பு தானாக நீக்கப்பட்டது. இரண்டு இடங்களில் இரட்டையாக வைத்திருந்த ஏற்பாடும் சேர்ந்தே போனது. ஏனென்றால் இரண்டும் ஒரே சந்தாவின் கீழ் இருந்தன.

யூனிசூப்பர் பிழைத்தது. முதன்மைச் சேமிப்புக்குத் தொடர்பில்லாமல் தனியாக வைத்திருந்த நகல்கள் கைகொடுத்தன. வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப் அதில் ஒன்று. ஒரு வாரத்துக்கு மேல் உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் இருந்தார்கள், ஆனால் பணமும் பதிவும் அப்படியே திரும்பி வந்தன. உலகின் மிகப் பெரிய கிளவுட் நிறுவனங்களில் ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டே, அந்த நிறுவனமே தவறு செய்யலாம் என்று கருதி இன்னொரு இடத்திலும் நகல் வைத்த அந்த முன்யோசனைக்கு எத்தனை பாராட்டு சொன்னாலும் தகும். மைக்ரோசாஃப்டும் தன் பயனாளர் ஒப்பந்தத்தில், எங்களிடம் வைக்கும் தரவுக்கு நீங்களும் அவ்வப்போது நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றே பரிந்துரைக்கிறது. அந்த ஒப்பந்தத்துக்கு 'சம்மதம்' தட்டியவர்களில் அதைப் படித்தவர்கள் குறைவு.

இந்தியச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட நிறுவனக் கணக்கு விதிகளின்படி, மின்னணு முறையில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் நகல் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். அதற்கு முன் 'அவ்வப்போது' என்றுதான் இருந்தது. நிறுவனச் சட்டம் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் பத்திரப்படுத்தச் சொல்கிறது. எட்டு ஆண்டுக்கான பொறுப்பை 30 நாள் குப்பைத் தொட்டியிடம் ஒப்படைக்க முடியாது.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் தன் துறையினருக்காகச் சொன்ன ஒரு கணக்கு இன்று கணினித் துறை முழுவதிலும் புழங்குகிறது: ஃபைலுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறிடத்தில். பத்துப் பேர் அலுவலகத்துக்கு இது எட்டாத காரியம் அல்ல. வேலை நடக்கும் பிரதி கிளவுட்டில் குழு ஃபோல்டரில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி, கழற்றி, அலுவலகத்தில் வைக்காமல் வேறிடத்தில் வைக்கலாம். கழற்றி வைத்த டிஸ்க்கை ரான்சம்வேர் தொட முடியாது. ஆண்டுக் கணக்கு, ஒப்பந்தங்கள், பத்திரங்கள் போன்றவற்றுக்கு இன்னொரு நிறுவனத்தின் கிளவுட்டில் மூன்றாவது பிரதி. இந்த வேலைக்குப் பொறுப்பு யார் என்று ஒருவர் பெயரை எழுதி வைக்க வேண்டும்; 'எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்ட அலுவலகங்களில் யாரும் பார்ப்பதில்லை.

அலுவலகம் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சனிக்கிழமை மாலை, கடந்த ஆண்டு அனுப்பிய ஏதாவது ஓர் இன்வாய்ஸைக் கேளுங்கள். கிளவுட்டைத் திறக்காமல், யாருடைய ஜிமெயிலையும் தேடாமல், வெளி நகலிலிருந்து மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் மேசைக்கு வந்தால் உங்கள் பேக்கப் வேலை செய்கிறது. வராவிட்டால், ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வைத்து, சிஸ்டம் பார்ப்பவரைத் திங்கட்கிழமை காலையிலேயே வரச் சொல்லுங்கள்.